சின்னஹட்டியில் நாளைக்குப் பனி விழுமா?

டிசம்பர் 9, திங்கள்

பால் சொசைட்டியில் கொடுத்த இந்த வருட டைரி, பதினோரு மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது.

மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். இருபதாம் தேதி ராத்திரி தங்க இரண்டு அறையும் வேண்டுமாம். வாடகை கேட்கவில்லை. சுடுதண்ணீர் வருமா என்றும் கேட்கவில்லை.

"மேடம், இருபத்தொண்ணு காலைல பனி விழுமா?"

"விழலாம் சார்."

"விழலாம்னா? போன வருஷம் அன்னைக்கு விழுந்துச்சா?"

போன வருடம் அந்தக் காலையில் நான் இட்லி அவித்தேனா, தோசை ஊற்றினேனா என்பதே ஞாபகமில்லை. பனிக்கு எங்கே போவது? பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த வருடம் இப்படிக் கேட்டால் டைரியைப் புரட்டிப் பதில் சொல்லலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை. பேரிக்காய் மரத்தில் ஒரு தெர்மாமீட்டர் கட்டியாயிற்று. கட்டியபோது 12 டிகிரி. தூறல்.

எழுதுவதை முறையாக எழுதுவோம். என் பெயர் சகாயமேரி. வயது நாற்பத்துமூன்று. பிறந்தது திண்டுக்கல். கணவர் இன்னாசி, பஸ் டிரைவர். ஊட்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் இருக்கும் இந்தச் சின்னஹட்டியில், இவருடைய சித்தப்பா விட்டுப்போன வீட்டில் நான்கு வருடமாக இருக்கிறோம். மாடியில் இரண்டு அறை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறேன். இவருக்குக் குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு மாற்றல் கேட்டு நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கிடைத்தால் போவோம். எனக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான்.

சாயங்காலம் பக்கத்து நிலத்து மாதியக்கா வந்தாள். ஐம்பத்தைந்து வயது, தனிக்கட்டை. ஒரே மகளைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அவர்கள் படகர். வீட்டில் அவர்கள் பாஷை, என்னிடம் தமிழ். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றாள். சொன்னேன்.

"பனி விழணும்னு நீ வேண்டிக்காத மேரி. என் செடி இப்பதான் முழங்கால் உசரம் வந்திருக்கு."

முப்பது சென்ட் உருளைக்கிழங்கு. முதலில் போட்ட விதை ஐப்பசி மழையில் அழுகிப்போய், மறுபடி வாங்கிப் போட்டது. பனி விழுந்து, அதன்மேல் வெயில் பட்டால் இலை தீய்ந்துபோகும். வேண்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். பிறகு மதுரைக்காரருக்குப் போன் போட்டு, அநேகமாக விழும் என்றேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

8 டிகிரி. மேகம். மதுரைக்காரர் மறுபடி கூப்பிட்டார்.

டிசம்பர் 13, வெள்ளி

போனில் மூன்று ஆப் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி ஒன்று 3 டிகிரி என்றது, ஒன்று 6 என்றது, மூன்றாவது மழை என்றது. காலையில் 7. மழையும் இல்லை.

கரூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவி, ஐந்து மணிக்கே எழுந்து குல்லாய், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றார்கள். கீழே புல் பச்சைப்பசேலென்று இருந்தது. "இதுக்குக் கரூர்லயே ஏசி போட்டுட்டுப் படுத்திருக்கலாம்" என்றார் அவர். அந்த அம்மாள் நல்லவர். ரவா உப்புமா செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

மாதியக்காவிடம் மூன்று ஆப்பையும் காட்டினேன். அவள் போனைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்தாள்.

"சாயங்காலம் அடுப்புப் புகை நேரா மேல போச்சுன்னா பயமில்ல. போக மாட்டேன்னு பள்ளத்துலயே படுத்துக்கிச்சுன்னா, காலைல பனி."

"இன்னைக்கு?"

"மேல போகுது பாரு. நிம்மதியாத் தூங்கலாம்."

அவளுக்கு நிம்மதி. எனக்கு அறை காலி.

டிசம்பர் 15, ஞாயிறு

இவருக்கு லீவு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். வேலை இல்லாத நாளிலும் எழுந்தவுடன் என் போனைத்தான் தேடுகிறார். பனி விழுமா என்பது இவருக்கு முக்கியமில்லை, மூடுபனி இருக்குமா என்று பார்க்க வேண்டும். "மூடுச்சுன்னா நாலாவது வளைவுல ரோடு எங்க முடியுது, ஆகாசம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஹாரன அமுக்கிக்கிட்டே வரணும்" என்றார்.

"மேட்டுப்பாளையத்துல மூடாதுல்ல" என்றேன்.

"அங்க வேர்க்கும்."

"வேர்த்தா வேர்க்கட்டும். எனக்கென்ன."

பிறகு மாடி அறைகளுக்குப் புது ஜன்னல் திரை தைக்கத் துணி எடுத்துவந்தேன். நீலப் பூப்போட்டது.

டிசம்பர் 17, செவ்வாய்

விழுந்துவிட்டது!

நேற்று மாலை புகை படுத்துக்கொண்டது. காலை 2 டிகிரி. கதவைத் திறந்தால் பள்ளத்துப் புல்வெளி முழுக்க உப்பு கொட்டி வைத்ததுபோல் வெள்ளை. காலை வைத்தால் நொறுக்கென்கிறது. நான்கு வருடமாகப் பார்த்தும் அலுக்கவில்லை. பேரிக்காய் மரத்தடியில் விழுந்த ஒவ்வொரு இலைக்கும் வெள்ளையில் கரை கட்டியிருந்தது.

மாதியக்கா எனக்கு முன்பே எழுந்து மோட்டார் போட்டு ஹோஸ் பைப்போடு நின்றாள். வெயில் ஏறுவதற்குள் இலைமேல் இருக்கும் பனியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். கை சிவந்துபோயிருந்தது. கட்டங்காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நானும் பைப்பைப் பிடித்தேன். நான் பிடித்தால் செடிக்கு அடிப்பதைவிட எனக்குத்தான் அதிகம் அடிக்கிறேனாம். இருவரும் சிரித்துச் சிரித்து அந்த வேலையை முடித்தோம். ஒரு செடிகூடக் கருகவில்லை.

அதற்கு முன்னால் நாலு போட்டோ எடுத்திருந்தேன். "சின்னஹட்டியில் உறைபனி" என்று பேஸ்புக்கில் போட்டு, அறை வாடகைக்கு உண்டு என்று நம்பரும் கொடுத்தேன்.

டிசம்பர் 18, புதன்

நேற்றிலிருந்து நாற்பத்தோரு போன்.

டிசம்பர் 21, சனி

1 டிகிரி. நல்ல பனி. மதுரைக்காரர் குடும்பம் தவிர, போட்டோவைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ நான்கு கார் வந்து நின்றது. இருபது பேருக்கு மேல் இருக்கும். புல்வெளியில் நின்றவர்கள் எப்படியோ மாதியக்கா நிலத்துக்குள் இறங்கிவிட்டார்கள். செடிகளுக்கு நடுவே நின்று போட்டோ, உட்கார்ந்து போட்டோ, குதித்து ஒரு வீடியோ. நான் அடுப்பில் பொங்கலோடு இருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது பத்து வரிசை வரைக்கும் மிதிபட்டிருந்தது.

மாதியக்கா கையில் பைப்போடு வரப்பில் நின்றாள். யாரையும் திட்டவில்லை. "போதும், போங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் போன பிறகு ஒவ்வொரு செடியாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய், "அக்கா, நான் யாரையும் உள்ள இறங்கச் சொல்லல" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் மாதியக்கா முள் வெட்டிப் போட்டிருக்கிறாள். கூட்டத்துக்காகப் போட்டது. எனக்காக இல்லை. எனக்காக இருந்தாலும் பரவாயில்லை, தார் ரோடு வழியாகப் போனால் நான்கு நிமிடம்தான்.

3 டிகிரி.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஊட்டிக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தோம். எப்போதும்போல ஒரு தூக்குவாளியில் கேக், அச்சுமுறுக்கு, அதிரசம் வைத்து இவரிடம் கொடுத்து மாதியக்கா வீட்டுக்கு அனுப்பினேன். நான் போகவில்லை, வீட்டில் வேலை இருந்தது.

மாலையில் வாளி வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று. உள்ளே ஒன்றுமில்லை. போன வருடம் அதே வாளியில் கேரட் வந்தது, அதற்கு முந்தின வருடம் அவள் வீட்டு வெண்ணெய். யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"கேக்க வாங்கிக்கிட்டாங்கல்ல, அத நெனச்சுக்க" என்றார் இவர்.

நான் அதைப்பற்றி நினைக்கவே இல்லை. 6 டிகிரி.

டிசம்பர் 28, சனி

அறைக்கு வருகிறவர்களிடம் முதல் பேச்சே இதுதான்: "புல்வெளிய மாடியிலருந்து பாத்துக்கங்க. தோட்டத்துக்குள்ள யாரும் காலு வைக்கக் கூடாது." ஒரு அட்டையிலும் எழுதி மாட்டிவிட்டேன். மாதியக்கா வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாக மாட்டியது தற்செயல்தான். அங்கேதான் ஆணி இருந்தது.

இன்று அவள் சாணம் அள்ளினாள், விறகு பிளந்தாள், பதினொரு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து தலை ஆற்றினாள். இருமுகிறாள்.

ஜனவரி 1, புதன்

புது வருடம், புது டைரி. இதுவும் பால் சொசைட்டிதான்.

வருடப் பிறப்புக்கு இரண்டு அறையும் நிரம்பியும் வானம் முழுக்க மேகம். 9 டிகிரி. கும்பகோணத்திலிருந்து வந்த குழந்தை, பனி எங்கே பனி எங்கே என்று அழுது தீர்த்துவிட்டது. அதன் அப்பா என்னிடம் ரகசியமாக ஒரு கரண்டி கேட்டார். என் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் கட்டியிருந்த ஐஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டுபோய்ப் புல்லில் தூவிவிட்டு, "பாப்பா, ஓடி வா!" என்றார். அந்தக் குழந்தை ஒரு சாண் பனியில் நின்றுகொண்டு உலகத்தையே வென்றதுபோல் சிரித்தது. எனக்கும் ஃபிரிட்ஜ் சுத்தமாயிற்று.

இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. இவர் டியூட்டியில் இருந்தார். சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து சொன்னேன். அதற்குள் பாதிச் சிரிப்பு போய்விட்டது.

ஜனவரி 4, சனி

மாதியக்கா வெள்ளைச் சேலை, வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. மகள் வீட்டில் தங்கி, திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து கோயிலுக்கு நடப்பார்கள். செவ்வாய்தான் திரும்புவாள் என்று ரோட்டுக்கு அந்தப்பக்கக் கடைக்காரர் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வானம் மூடியிருக்கிறது. மூன்று ஆப்பும் அதிசயமாக ஒரே பதில்: செவ்வாய் வரை மேகம்.

ஜனவரி 5, ஞாயிறு

மத்தியானம் சிவகாசியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காலண்டர் அச்சகத்தில் வேலை செய்கிற சங்கரபாண்டி, மனைவி கோமதி, மூன்று பெண்பிள்ளைகள், அவர் தம்பி, தம்பி மனைவி. வருடம் முழுக்கக் காலண்டரில் பனிமலைப் படமாக அச்சடித்துத் தள்ளுகிறவருக்கு ஒருதரம் நிஜப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை.

அவர்கள் வந்து இறங்கிய வேளை, மேகம் கலைய ஆரம்பித்தது. மூன்று மணிக்கு வானம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. ஐந்து மணிக்குக் காற்று நின்றது. கடைக்காரர் வீட்டு அடுப்புப் புகை ஓட்டுக்கு மேல் ஓர் ஆள் உயரம் போய், அப்படியே மடங்கிப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. ஆப்பைப் பார்த்தேன். இரண்டு 4 டிகிரி என்றன. ஒன்று பூஜ்யம் என்றது.

மாதியக்காவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருக்கும்போது, பூட்டிய அவள் வீட்டுக்குள்ளேயே மணி கேட்டது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மகள் நம்பர் என்னிடம் இல்லை. கடைக்காரரிடமும் இல்லை. மோட்டார் ரூமைப் போய்ப் பார்த்தேன். பெரிய பூட்டு.

இருபத்தேழு வரிசை. கிழங்கு இப்போதுதான் திரண்டு வருகிறது. இப்போது இலை போனால் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடும். என்னோடு பேச்சு இருந்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

எங்கள் மாடியில் இரண்டாயிரம் லிட்டர் டேங்க் இருக்கிறது. ஆனால் அது விருந்தாளிகள் குளிக்க. ஹோஸ் பைப் ஒன்றுதான், நானும் ஒருத்திதான். இவர் ராத்திரி டிப்போவில் தங்கல், காலை முதல் வண்டியைத்தான் கொண்டுவருவார்.

சப்பாத்தி பரிமாறும்போது சிவகாசிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்குக் கண்டிப்பாப் பனி விழும் சார். ஆனா பக்கத்துத் தோட்டத்துல விழுற பனிய நான் வெயிலுக்கு முன்னாடி கழுவியாகணும். அந்தக்கா ஊர்ல இல்ல. உங்களுக்குக் குளிக்கத் தண்ணி இருக்காது. வேணும்னா நாளைக்கு வாடகை தர வேண்டாம்."

சங்கரபாண்டி கையில் சப்பாத்தியோடு என்னைப் பார்த்தார். "ஏம்மா, பனியப் பாக்கன்னு முந்நூத்தம்பது கிலோமீட்டர் வந்திருக்கோம். அதைப் போயிக் கழுவணும்ங்கிறீகளே!"

கோமதி சொன்னார்: "பாத்துட்டுக் கழுவுவோம். நாங்க ஏழு பேரு இருக்கோம்ல. பக்கெட் எத்தன இருக்கு?"

ஜனவரி 6, திங்கள்

தெர்மாமீட்டர் சரியாகப் பூஜ்யம். தரையில் அதைவிடக் குறைவாக இருந்திருக்கும். பைப்பைத் திறந்ததும் முதலில் ஐஸ் துண்டுகள்தான் சடசடவென்று வந்து விழுந்தன.

ஐந்தரைக்கு எழுந்தோம். லேசாக வெளுத்தபோது பள்ளம் முழுக்க ஒரே வெள்ளை. சிவகாசிக்காரர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கரபாண்டி குனிந்து புல்லைத் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "சப்புனு இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது. பத்து நிமிடம் போட்டோ எடுக்க விட்டேன், மாடியிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் மட்டும்.

பிறகு முள்ளை விலக்கிவிட்டு நான் முதலில் இறங்கினேன். "வரிசைக்கு நடுவுல மட்டும் நடங்க. செடி இருக்கிற மேட்டுல யாரும் மிதிச்சிடாதீங்க" என்று பத்துதரம் கத்தியிருப்பேன். பெரிய பெண் ஹோஸைப் பிடித்தாள். மற்றவர்கள் பக்கெட், குடம், குளிக்கிற மக், அரிசி வடிகட்டும் சல்லடை. சல்லடை வழியாக ஊற்றினால் மழைபோல் விழுகிறது என்று கண்டுபிடித்தது கடைக்குட்டி. கை விறைத்து, விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சங்கரபாண்டி ஒவ்வொரு பக்கெட்டுக்கும் "ஐயோ அம்மா" என்று கத்துவார், ஆனால் நிறுத்தவில்லை. தம்பி மனைவி வழுக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்து நின்று, "செடி மேல விழல!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

ஆறே முக்காலுக்கு இவர் வண்டி வந்தது. வளைவில் நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். இவர் இறங்கி வந்தார், நொண்டிக்கொண்டே. ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் இருபது லிட்டர் கேனைக் கொண்டுவந்து ஒரு வரிசைக்கு ஊற்றினார். "டைம் ஆச்சு மேரி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இருபத்திரண்டாவது வரிசை முடிந்தபோது டேங்க் காலி. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையும் ஊற்றப் போனேன், கோமதிதான் தடுத்தார். கீழ்க்கடைசி ஐந்து வரிசையை வெயில் வந்து தொட்டது. பார்த்துக்கொண்டே நின்றோம். மத்தியானத்துக்குள் அவை வெந்த கீரைபோல் துவண்டு, சாயங்காலம் கறுத்துவிட்டன. மற்ற இருபத்திரண்டும் நிற்கின்றன.

ஏழு பேரும் முகம் மட்டும் கழுவிக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பினார்கள். வாடகையை மேஜைமேல் வைத்துவிட்டே போனார்கள். "எங்க காலண்டர்லயெல்லாம் பனிய யாரும் கழுவுற மாதிரி படம் போட்டதில்ல" என்றார் சங்கரபாண்டி.

இப்போது எழுதப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பிடித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பன்னிரண்டு மணி வண்டியில் மாதியக்கா வந்தாள். நான் மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் நிலத்துக்குப் போனாள். முள் விலகியிருக்கிறது. உள்ளே எங்கே பார்த்தாலும் ஷூ அடி, செருப்பு அடி. நின்று பார்த்தாள். அப்புறம் ரோட்டைச் சுற்றி வராமல், நேராகப் பாதை வழியாக என் வாசலுக்கு வந்தாள்.

"மேரி! கீழ எறங்கு!"

இறங்கினேன்.

"மறுபடியும் உள்ள விட்டிருக்க! மூணு நாளு, மூணே நாளு நான் இல்ல. சாமி கும்பிடத்தான போனேன். அதுக்குள்ள என் நெலம் என்ன, கண்காட்சியா?"

"அக்கா, செடியப் பாருங்க."

"என்னத்தப் பாக்கிறது? அதான் பாத்தேனே, அடி அடியா..."

"செடியப் பாருங்கக்கா. அப்புறம் பக்கத்துத் தோட்டத்தப் பாருங்க."

திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப்புறம் கடைக்காரரின் பீன்ஸ் முழுக்கக் கறுப்பு. அதற்கு மேல் இருந்த தேயிலையும் சுட்ட அப்பளம்போல். நடுவில் அவளுடைய உருளை மட்டும் பச்சையாக நின்றது. பையைக் கீழே வைத்தாள்.

"மோட்டார் ரூம் சாவி என்கிட்டல்ல இருக்கு."

"எங்க டேங்க் தண்ணி. முந்தாநாள் வந்த சிவகாசிக்காரங்க ஏழு பேரு. பக்கெட்ல எடுத்து ஊத்துனோம். கீழ அஞ்சு வரிசை முடியலக்கா. தண்ணி தீந்துபோச்சு."

"டேங்க் தண்ணியா? அப்ப அவங்க குளிக்க?"

"யாரும் குளிக்கல."

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும். அப்படியே சிவகாசிக்குப் போயிட்டாங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினேழு நாளுக்குப் பிறகு.

சிரிப்பு அடங்கியதும் சொல்லிவிட்டேன். இங்கேயும் இன்று எழுதிவிடுகிறேன். டிசம்பர் 21-ம் தேதி எழுதியது முழு உண்மை இல்லை. அன்றைக்கு மதுரைக்காரர், "இங்கருந்து எடுத்தா போட்டோ சரியா வரலையே" என்றபோது, "வரப்பத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போங்க சார், அங்கருந்து நல்லா வரும்" என்று அடுப்படி ஜன்னலிலிருந்து நான்தான் சொன்னேன். அவர் போனதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போனார்கள்.

"அன்னைக்குக் கீழ்ப்பக்கம் போகச் சொன்னது நான்தான்க்கா."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் கொரலு எனக்குத் தெரியாதா? பைப்பப் புடிச்சுக்கிட்டு இந்தப் பக்கந்தான நின்னேன். மிதிச்சதுக்குக் கோவம் இல்ல மேரி. செடிய நிமித்திக்கலாம். நீ வந்து, 'நான் சொல்லல'ன்னு நின்ன பாரு, அதுக்குத்தான். நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு தெனமும் பாத்தேன்."

அவள் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"வெண்ணெ இருக்கு, வா" என்றாள்.

ஜனவரி 8, புதன்

3 டிகிரி. இரண்டு பேரும் கழுவினோம். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே. ஃபிரிட்ஜ் ஐஸ் கதையைச் சொன்னேன். பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இரண்டு வீட்டிலும் பொங்கல், இரண்டு வீட்டிலும் சாப்பாடு. மாதியக்கா மகள் நம்பரை மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒன்று இந்த டைரியின் அட்டையில். கடைக்காரருக்கு மறுபடி பீன்ஸ் போட விதை அவள்தான் கொடுத்தாள். 5 டிகிரி.

ஜனவரி 17, வெள்ளி

இவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மேட்டுப்பாளையம். பிப்ரவரி ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

நல்ல செய்திதான். முழங்காலுக்கு நல்லது. அங்கே மார்க்கெட் பக்கம், சர்ச் பக்கம். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். மோர்க்குழம்புக்கு எதற்கு இவ்வளவு வெங்காயம் என்று இவர் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

மாதியக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

சொல்லிவிட்டேன். இனி எதையும் தள்ளிப்போடுவதில்லை.

"நல்லது" என்றாள். பிறகு மாட்டுக்குப் புல் வெட்டப் போனாள். ஏற்கனவே வெட்டிய புல் கட்டுக்கட்டாக இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

கிழங்கு எடுத்தோம். காலை 7 டிகிரி, நல்ல வெயில். மாதியக்காவின் மகள், மருமகன், கடைக்காரர் குடும்பம், நான். இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். குனிய வேண்டாம் என்று மூட்டை தைக்கிற வேலை கொடுத்தோம். மண்ணைக் கொத்திப் புரட்டினால் செடிக்கு ஏழெட்டு, உள்ளங்கை நிறைய. கீழ் ஐந்து வரிசையில் மட்டும் எலுமிச்சை அளவு.

"இந்த அஞ்சு வரிசையில இனிமே எதுவும் போடப் போறதில்ல" என்றாள் மாதியக்கா. "பனி மொதல்ல இங்கதான் எறங்குது. புல்லாவே விட்டுடறேன். மேல வேலி கட்டிக்கிறேன். உன் மாடிக்கு வர்றவங்க அங்க நின்னு ஆசை தீரப் பாக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். நான் ஒரு கிழங்கின் மண்ணைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

இவர் கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "எத்தன மணிக்கு இங்க வெயில் வரும்?" என்று கேட்டார்.

"பனிக்காலத்துல ஏழே காலு, ஏழரை" என்றாள் அக்கா. "எதுக்கு?"

"ஒம்பதரை வண்டி ஒண்ணு இருக்கு. அதுக்கு ஆளு வேணும்னாங்க. வெயில்ல ஒரு மணி நேரம் காலக் காட்டிட்டு ஏறலாம்ல. அதான் அதைக் கேட்டு எழுதிக் குடுத்துட்டு, மாத்தல் வேண்டாம்னுட்டேன்."

"எப்ப?" என்றேன்.

"திங்கக்கெழம. நேத்து சரின்னு சொல்லிட்டாங்க."

"நாலு நாளா என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத்தான் எந்த ஊரானாலும் ஒண்ணுதான."

மாதியக்கா ஒரு கிழங்கை எடுத்து இவர்மேல் எறிந்தாள். எலுமிச்சை அளவுதான். குறி தப்பவில்லை. "தம்பி, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒரு வாரமா மாட்டுக்கு அவ்வளவு புல் வெட்டியிருக்க மாட்டேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. எல்லோர் முன்னாலும் ஒரு பஸ் டிரைவரை அப்படிச் சொல்லக் கூடாது.

ஜனவரி 26, ஞாயிறு

6 டிகிரி. லேசான மேகம். அறைகள் காலி.

காலையிலிருந்து மாதியக்காவும் நானும் வெயிலில் சாக்கை விரித்து, கிழங்கைக் கொட்டி வைத்துக்கொண்டு, விற்க ஒரு பக்கம், விதைக்கு ஒரு பக்கம் என்று பிரித்தோம். முளைவிடும் கண் நிறைய இருந்தால் விதைக்கு. எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நான் போடுவதில் பாதியை அவள் எடுத்து அந்தப் பக்கம் போடுகிறாள். இவர் கொஞ்ச தூரத்தில் காலை நீட்டிப்போட்டுத் தூங்கிவிட்டார். மகளின் நாத்தனார் கல்யாணம், கடைக்காரரின் பல்வலி, சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு காலண்டர் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நடுவில் சாப்பிட்டோம். மறுபடி உட்கார்ந்தோம்.

வெயில் இறங்கி, குளிர் முதுகில் ஏறிய பிறகுதான் எழுந்தோம். இப்போது இதை எழுத உட்காரும்போதுதான் ஞாபகம் வருகிறது. இன்று முழுக்க நான் போனைத் திறக்கவில்லை. அக்கா புகையைப் பார்க்கவில்லை. நாளைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.